காருக்கு நகை போட்ட கதை

நம்முடைய தேசத்தில் புதிதாக ஒரு மோட்டார் கார் வாங்குகிறவர், கார் வாங்கியதோடு திருப்தியடைந்து விடுவதாகச் சரித்திரம் கிடையாது. முதலில் அதைக் கோயில் வாசலில் கொண்டு நிறுத்தி, மாலை போட்டு, நான்கு சக்கரங்களின் கீழும் நான்கு எலுமிச்சம் பழங்களை வைத்து நசுக்குகிறார். இது வரையில் யாதொரு ஆபத்துமில்லை. எலுமிச்சம் பழம் நசுக்கியதற்காக எந்தக் கம்பெனியும் வாரண்டியை ரத்துச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆபத்தெல்லாம் அதற்கு அடுத்த சனிக்கிழமை மாலையில்தான் ஆரம்பமாகிறது.

அன்று அவர் மனைவி மக்களுடன் சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோடுக்கு விஜயம் செய்கிறார். அண்ணா சாலையை ஒட்டிய அந்த வீதியை அறியாத கார்க்காரர் சென்னையில் அநேகமாக இருக்க மாட்டார். பெண்ணுக்கு நகை வாங்கத் தியாகராயநகர் எப்படியோ, காருக்கு நகை வாங்க அந்த வீதி அப்படி. ஸீட் உறை, சங்கு போல் முழங்கும் ஹாரன், பின்னால் பார்க்கும் காமிரா, பாட்டுப் பெட்டி, பளபளக்கும் சக்கரம், இரவைப் பகலாக்கும் விளக்கு எல்லாம் அங்கே கிடைக்கும். கடைக்காரர்கள் மிகவும் மரியாதையுள்ளவர்கள். "ஸார், இதையெல்லாம் போட்டால் வாரண்டி போய்விடுமா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒன்றும் ஆகாது, ஸார்!" என்று புன்னகையுடன் பதில் சொல்வார்கள்.

காரை விற்ற இடத்தில் அதே கேள்வியைக் கேளுங்கள். "வெளியிலே ஒரு ஸ்க்ரூவைத் தொட்டாலும் வாரண்டி முழுவதும் போய்விடும், ஸார்!" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொல்வார்கள்.

இந்த இரண்டு பதில்களில் எது உண்மை என்று தெரிந்துகொள்ள என் நண்பர் ஒருவர் தொண்ணூற்றிரண்டாயிரம் ரூபாயைப் பணயம் வைக்க நேர்ந்தது. அவ்வளவு செலவில்லாமல் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இரண்டு பதிலுமே உண்மையல்ல என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

*

நண்பர் ஒரு பாங்கியில் உத்தியோகம் பார்ப்பவர். பதினைந்து வருஷம் மிச்சம் பிடித்த பணத்துடன் கொஞ்சம் கடனும் சேர்த்து, ஒன்பது லட்ச ரூபாயில் ஒரு கார் வாங்கினார். மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அது வரை வாரண்டி. வாங்கின இரண்டாவது வாரத்தில் முன்விளக்குப் பல்புகளை மாற்றிப் பெரிய பல்புகளாகப் போட்டுக்கொண்டார். கூடவே ஒரு ஹாரனும் ஏறியது. கடைப் பையன் அரை மணி நேரத்தில் காரியத்தை முடித்தான். எந்த ஒயரை வெட்டினான், எதை எதோடு முறுக்கினான் என்பதை நண்பர் பார்க்கவில்லை. எதிரே காப்பி சாப்பிடப் போயிருந்தார்.

ஏழு மாதம் ஒரு குறையும் இல்லை. எட்டாவது மாதம் தாயாரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். திண்டிவனத்தைத் தாண்டிச் சிறிது தூரம் போவதற்குள் காருக்குள் ஏதோ தீயும் நாற்றம் அடித்தது. அடுத்த நிமிஷம் இரண்டு முன்விளக்குகளும் அணைந்தன. இரவு எட்டு மணி, எதிரே லாரிகள், பின்னால் பஸ்கள். எப்படியோ காரை ஓரத்தில் ஒதுக்கினார். "இருட்டிலே என் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த பிடி இன்னும் வலிக்கிறது" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

மறுநாள் இழுவை வண்டியில் கார் ஸர்வீஸ் நிலையம் போய்ச் சேர்ந்தது. அங்கே பானெட்டைத் திறந்து, கறுப்பு டேப் சுற்றிய ஒயர் முடிச்சுக்களைக் கண்டார்கள். ஒயரிங்குக்கும் அதனுடன் பழுதான கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் 58,000 ரூபாய் ஆகும் என்றார்கள். அதோடு விடவில்லை. ஒரு வாரமாகவே காரில் ஏ.ஸி. சரியாகக் குளிரவில்லை, கம்ப்ரஸரில் கசிவு. அதற்கு 34,000 ரூபாய். "வாரண்டியிலே செய்து கொடுங்கள்" என்றார் நண்பர். "உங்கள் வாரண்டிதான் போய்விட்டதே, ஸார்!" என்றார் அங்கிருந்தவர்.

ஒயர் வெட்டினதற்கு ஒயரிங் வாரண்டி போனால் போகட்டும்; ஏ.ஸி. கம்ப்ரஸர் என்ன பாவம் செய்தது? இந்தக் கேள்வி அப்போது நண்பருக்குத் தோன்றவில்லை. தோன்றியது அவருடைய மனைவிக்கு. அந்த அம்மாள் ஒரு பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி. கார்ச் சாவியுடன் வந்த கனமான புஸ்தகத்தை உறை பிரித்து முதல் முறையாகப் படித்தவர் அவரே.

"இதை நீங்கள் படிக்கவே இல்லையா?" என்று கேட்டார்.

"கார் வாங்குகிறவன் காரை ஓட்டுவானா, புஸ்தகம் படிப்பானா?" என்றார் நண்பர்.

*

வாரண்டி என்பது என்ன? மண்பானையைப் போல் எங்கே தட்டினாலும் முழுவதும் உடைந்துபோகிற வஸ்து அல்ல அது. கம்பெனி கொடுக்கும் ஒரு வாக்குறுதி. "நாங்கள் உபயோகித்த பொருளிலோ, நாங்கள் செய்த வேலையிலோ குறை இருந்து, அதனால் இன்ன காலத்துக்குள் ஏதேனும் கெட்டுப்போனால், பணம் வாங்காமல் சரிசெய்து தருகிறோம்" என்பதே அதன் சாரம். பிரேக் கட்டை, வைப்பர் ரப்பர் முதலிய தேய்கிற சாமான்கள் இதில் பெரும்பாலும் சேராது. டயருக்கும் பாட்டரிக்கும் அவற்றைச் செய்த கம்பெனிகளே சாதாரணமாகப் பொறுப்பு.

புஸ்தகத்தின் பிற்பகுதியில் விலக்குகள் வரும். அங்கேதான், காரில் செய்த மாறுதல்களாலும், கம்பெனி ஒப்புக்கொள்ளாத உபகரணங்களாலும் உண்டான பழுதுக்குப் பொறுப்பில்லை என்ற வாசகம் இருக்கும். அதை மெதுவாகப் படிக்க வேண்டும். "மாறுதல் செய்தால்" என்பது வேறு; "மாறுதலால் உண்டான பழுது" என்பது வேறு. முதலாவது கார் முழுவதையும் விழுங்கும். இரண்டாவது பழுதான பாகத்தோடு நிற்கும். எந்த வாசகம் உங்கள் புஸ்தகத்தில் இருக்கிறது என்பதைக் கார் வாங்கின அன்றே பார்ப்பது உத்தமம்.

புஸ்தகம் முதல் மாதிரியில் எழுதப்பட்டிருந்தால்? அதற்கும் நம் தேசத்தில் ஒரு முக்கியமான தீர்ப்பு உண்டு. கார்க் கம்பெனிகள் உதிரிப் பாகங்களை வெளியில் விற்பதில்லை, வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி இல்லை என்று மிரட்டுகின்றன என்பதாக 2011-ம் வருஷம் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு புகார் சென்றது. ஆணையம் விசாரித்து, 2014-ம் வருஷம் ஆகஸ்டு 25-ந் தேதி, பதினான்கு கார்க் கம்பெனிகளுக்குச் சேர்ந்தாற்போல் ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேலே முறையீடு செய்தது வேறு கதை. நமக்கு வேண்டியது அந்த உத்தரவில் கூறிய நியாயம்: வெளியில் ரிப்பேர் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்துச் செய்வதாக மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது, வெளியே செய்த வேலையின் குறையால் எவ்வளவு சேதம் உண்டாயிற்றோ அவ்வளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம்.

அந்த உத்தரவு ரிப்பேரைப் பற்றியது, அலங்காரத்தைப் பற்றியதல்ல. ஆயினும் நியாயம் இரண்டுக்கும் ஒன்றுதான். அமெரிக்காவில் 1975-லேயே மாக்னஸன்–மாஸ் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். இன்ன கம்பெனியின் சாமானைத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் வாரண்டி இல்லை என்று சொல்வதை அது தடுத்தது. அந்தச் சாமானை இனாமாகக் கொடுத்தால் அல்லது அரசாங்க வர்த்தகக் கமிஷனிடம் விசேஷ அநுமதி பெற்றால் மட்டும் விலக்கு. இனாமாகக் கொடுக்கக் கம்பெனிகள் முன்வருவது எவ்வளவு அபூர்வம் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே விஷயம் முழுவதும் ஒரே கேள்வியில் அடங்குகிறது: இந்த மாறுதலா அந்தப் பழுதுக்குக் காரணம்?

*

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நகைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் நண்பரின் விளக்கு. பல கார்களில் ஹெட்லைட் ஹாலஜன் பல்பு 60/55 வாட் சக்தியுள்ளது. அதாவது தூரத்து வெளிச்சத்துக்கு 60, கிட்டத்து வெளிச்சத்துக்கு 55. கடையில் கிடைக்கும் பெரிய பல்பு 100/90 வாட். பன்னிரண்டு வோல்ட் மின்சாரத்தில் 55 வாட் பல்பு சுமார் நாலரை ஆம்பியர் இழுக்கும். 90 வாட் பல்பு ஏழரை ஆம்பியர் இழுக்கும். ஒயரோ பழைய ஒயர்தான். ஒயரில் உண்டாகும் உஷ்ணம் மின்சாரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோமே, அதன்படி கணக்குப் போட்டால் உஷ்ணம் இரண்டரை மடங்குக்கு மேலாகிறது. ஃப்யூஸ் போகிறதென்று பெரிய ஃப்யூஸையும் போட்டுவிட்டால், வீட்டைக் காக்க வேண்டிய காவல்காரனுக்குத் தூக்க மருந்து கொடுத்த மாதிரி ஆகும். இங்கே காரணம் பட்டவர்த்தனம். கம்பெனி மறுத்தால் நாம் கோபித்துக்கொள்ள இடமில்லை.

ஒயரை வெட்டாமல், அந்தக் காருக்கென்றே செய்த கப்ளரைச் சொருகி இணைக்கும் காமிராவும் பாட்டுப் பெட்டியும் இவ்வளவு தொல்லை தருவதில்லை. நாளைக்குக் கழற்றினால் கார் பழையபடி நிற்கும். வெட்டி முறுக்கி டேப் சுற்றியது அப்படியல்ல. ஆகையால் "கப்ளரா, வெட்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் காப்பி சாப்பிடப் போக வேண்டும். போகாமல் இருந்தால் இன்னும் விசேஷம்.

அடுத்தது சக்கரம். 185/65 ஆர்-15 என்ற டயருக்குப் பதிலாக 205/65 ஆர்-15 போட்டால் பார்வை கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் டயரின் விட்டம் சுமார் 621 மில்லிமீட்டரிலிருந்து 647 மில்லிமீட்டராக உயர்கிறது. ஸ்பீடாமீட்டர் கணக்கு நூற்றுக்கு நான்கு பங்கு பிசகும். சக்கரத்து பேரிங், ஸ்டீரிங், ஸஸ்பென்ஷன் ஆகியவற்றின் மேல் புதுப் பாரம் விழும். அவற்றில் பழுது வந்தால் கம்பெனிக்குப் பேசக் காரணம் உண்டு. ஆனால் பெரிய டயர் போட்டதால் ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் கெட்டது என்று ஒருவர் சொன்னால், அவரிடம் விளக்கம் கேட்க நமக்குப் பூரண உரிமை இருக்கிறது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத நகை. என்ஜினுடைய மூளையாகிய ஈ.ஸி.யூ. என்னும் பெட்டியில் கணக்கை மாற்றி எழுதி, அதிக வேகமும் இழுப்பும் உண்டாக்கும் ரீமேப் வித்தை இது. வாலிபர்களுக்கு இதில் மோகம் அதிகம். என்ஜினின் இழுசக்தி கூடினால் க்ளச்சும் கியர்ப்பெட்டியும் டர்போவும் அதைத் தாங்க வேண்டும். அவை பழைய கணக்குக்குச் செய்தவை. ஸர்வீஸுக்கு விடும் முன் பழைய கணக்கையே திருப்பி எழுதிவிட்டால் யாருக்குத் தெரியும் என்று நினைப்பார்கள். பல கார்களில் அந்தப் பெட்டி எத்தனை தடவை எழுதப்பட்டது என்பதை அதுவே குறித்து வைத்துக்கொள்கிறது. சித்திரகுப்தன் கணக்குக்கூட இவ்வளவு சுத்தமாக இருக்குமா என்பது சந்தேகம்.

நான்காவது, ஸி.என்.ஜி. வாயு. கம்பெனியே வாயுவுக்கென்று செய்து தரும் காரில் வால்வுகளும் அவை அமரும் வளையங்களும் அதற்கேற்றபடி அமைந்திருக்கும். வாயு வறண்ட எரிபொருள். பெட்ரோலைப் போல் அந்த இடங்களைக் குளிரவைப்பதில்லை. பெட்ரோலுக்கென்று செய்த என்ஜினில் வெளியே வாயுக் கருவி பொருத்தினால், பின்னால் வால்வு தேய்ந்தது என்று வாரண்டி கேட்பது வீண். பொருத்துவதானால் அநுமதி பெற்ற கருவியாக இருக்க வேண்டும், ஆர்.ஸி. புஸ்தகத்தில் பதிய வேண்டும். ஸிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பரீட்சிக்க வேண்டும்.

இனி வருவன பணத்தைப் பற்றியவையல்ல, உயிரைப் பற்றியவை. காரின் முன்னால் யானைத் தந்தம் போல் பொருத்தும் இரும்புச் சட்டத்துக்குப் புல் பார் என்று பெயர். மோதல் நேரும்போது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அதை உணர்ந்து காற்றுப்பைகளை விரிக்கும் கருவிகள், அந்தக் காரின் முன்பக்கம் எப்படி நசுங்கும் என்ற கணக்கின் பேரில் அமைந்தவை. நடுவே இரும்புச் சட்டம் வந்தால் அந்தக் கணக்குப் பிசகலாம். தெருவில் நடப்பவர் மீது பட்டாலோ சொல்ல வேண்டியதில்லை. 2017-ம் வருஷம் டிஸம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகமே இதன் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாகாணங்களுக்கு எழுதிற்று.

ஸீட் உறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல புதுக் கார்களில் பக்கவாட்டுக் காற்றுப்பை ஸீட்டின் ஓரத்திலேயே மறைந்திருக்கிறது. தையலைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அந்த இடத்தைக் கெட்டியான உறையால் இறுக்கி மூடினால், காக்க வந்தது கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். ஸீட் ஓரத்தில் காற்றுப்பைக் குறி இருக்கிறதா என்று பார்த்து, அங்கே திறப்பு விட்டுத் தைத்த உறையைத்தான் வாங்க வேண்டும்.

*

வாரண்டி ஒரு பக்கம் இருக்க, சர்க்காரின் சட்டமும் உண்டு. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகக் காரின் அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. 2019-ம் வருஷம் ஜனவரி 9-ந் தேதி, கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதிசெய்தது. அதே வருஷத்துத் திருத்தச் சட்டத்தின்படி, அநுமதியில்லாத ஒவ்வொரு மாறுதலுக்கும் சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறைவாசம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இன்ஷியூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாறுதல், விபத்து நேர்ந்த பிறகு அவர்களுக்குப் பேச ஒரு விஷயம் கொடுக்கும். விலையுயர்ந்த உபகரணங்களையும் வாயுக் கருவியையும் பாலிஸியில் எழுதச் செய்துவிட வேண்டும்.

*

இனி நண்பரின் வீட்டுக்குத் திரும்புவோம். அந்த அம்மாள் சண்டைக்குப் போகவில்லை. காகிதமும் பேனாவும் எடுத்தார். ஸர்வீஸ் நிலையத்துக்கும், அதன் நகலைக் கார்க் கம்பெனிக்கும் எழுதிய கடிதத்தில் மூன்றே கேள்விகள்:

எந்தப் பாகத்துக்கு வாரண்டியை மறுக்கிறீர்கள்? புஸ்தகத்தின் எந்த விதியின்படி மறுக்கிறீர்கள்? விளக்கு ஒயரை மாற்றினதால் ஏ.ஸி. கம்ப்ரஸர் எவ்வாறு கசிந்தது? பதிலை எழுத்து மூலம் தர வேண்டும். கழற்றிய பாகங்களைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுதுவது சுலபமல்ல. வாயால் சொல்லும்போது உலகத்திலுள்ள எல்லாப் பழுதுக்கும் ஒரே காரணம் சொல்லிவிடலாம். கையெழுத்துப் போட்டுச் சொல்லும்போது கை கொஞ்சம் தயங்கும்.

பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் அவர் விசாரித்து வைத்திருந்தார். நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், 50 லட்ச ரூபாய் வரை விலை கொடுத்த சாமானைப் பற்றி ஜில்லா ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். வழக்குக்குக் காரணம் ஏற்பட்ட இரண்டு வருஷத்துக்குள் தொடர வேண்டும். ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை விலையுள்ள சாமானுக்கு வழக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. குறை உள்ளதா என்று பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்க்கவும் ஆணையத்துக்கு அதிகாரமுண்டு.

அவ்வளவு தூரம் போக நேரவில்லை. பன்னிரண்டாவது நாள் பதில் வந்தது. ஏ.ஸி. கம்ப்ரஸரைப் பணம் வாங்காமல் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். என்ஜின் முதலிய மற்றப் பாகங்களுக்கும் வாரண்டி தொடரும் என்று எழுதினார்கள். ஒயரிங்குக்கு மட்டும் முடியாது என்றார்கள். நண்பர் அதற்கும் ஒரு கடிதம் எழுதலாமா என்று மனைவியைக் கேட்டார்.

"அது நாம் செய்த தப்பு. நாம்தான் கொடுக்க வேண்டும்" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார்.

58,000 ரூபாயை நண்பர் கட்டினார். எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்தது இந்த இடந்தான். கம்பெனி தன் குறைக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்கிறவர்கள், தம்முடைய குறைக்குத் தாம் பொறுப்பேற்கத் தயாராக இருந்தால், அந்தக் கேள்விக்கு ஒரு தனிப் பலம் உண்டாகிறது.

சென்ற வாரம் நண்பரின் காரில் ஏறினேன். விளக்கு, ஹாரன் எல்லாம் கம்பெனி கொடுத்தபடியே இருந்தன. புதிதாக ஒரே ஒரு நகை மட்டும் கண்ணில் பட்டது. காற்றுப்பை விரியும் பாதையை விட்டு விலகி, ஓரமாக ஒரு சின்னப் பிள்ளையார் வீற்றிருந்தார்.

"இவருக்கு ஒயர் உண்டா?" என்று கேட்டேன்.

"கிடையாது. அடியில் பசைதான். புஸ்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினோம்" என்றார் நண்பர்.